அரிசி வாங்கினது யாரு?

போன வருடம் பொன்னேரியில் ஒரு பள்ளி ஆண்டு விழா. என் தங்கை மகள் ஐந்தாம் வகுப்பு. 'மகாகவி பாரதி' நாடகத்தில் அவள்தான் செல்லம்மா. மூன்று வாரம் ஒத்திகை. வசனம் மொத்தம் இரண்டு. முதலாவது, "ஐயோ, சமைக்க வெச்சிருந்த அரிசியாச்சே!" இரண்டாவது, "சாப்பிட வாங்க." முதல் வசனத்தில் அரிசி போய்விட்டது. இரண்டாவதில் சாப்பாடு தயார். நடுவில் என்ன நடந்தது என்பது நாடகத்தில் இல்லை.

பாரதியாக வந்த பையனுக்கு மை பென்சிலில் மீசை வரைந்திருந்தார்கள். முதல் காட்சி முடிவதற்குள் வியர்த்து, மீசை இறங்கித் தாடியாகிவிட்டது. சிட்டுக்குருவிகளாக நான்கு யு.கே.ஜி. குழந்தைகள். பாரதி அரிசியை அள்ளி இறைத்ததும் நான்கும் கொத்த ஓடிவந்தன. ஒன்று நிஜமாகவே வாயில் போட்டுக்கொள்ள, அதன் அம்மா மேடைக்கு ஓடினார். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கிய நேரத்தில், என் பக்கத்தில் இருந்த பெரியம்மா எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்டார்: "அதெல்லாம் சரி, அந்த அரிசி வாங்கினது யாரு?"

மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

அன்றிலிருந்து வரலாற்று மனிதர்களைப் பற்றிய எந்தப் படம் பார்த்தாலும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் பெரியம்மா பரீட்சை. ஒரே கேள்வி. நாயகன் நாட்டுக்காகவோ கணக்குக்காகவோ கவிதைக்காகவோ உலகை மறந்து கிடந்த நாட்களில் அந்த வீட்டில் அரிசி வாங்கியது யார்? படம் அதைக் காட்டுகிறதா? நம் படங்கள் பெரும்பாலும் இந்தப் பரீட்சையில் பாஸ் ஆவதில்லை. சிலது பரீட்சை மண்டபத்துக்கே வருவதில்லை.

முதலில் இந்தப் படங்களின் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாயகன் சிறுவனாக இருக்கும்போது வாத்தியாருக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்பான். பெரியவனானதும் மூக்குக்கண்ணாடி வரும், முதுமைக்கு முகத்தில் பவுடரும் கையில் தடியும் வரும். வெள்ளைக்காரத் துரை நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், வல்லினத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார். தலைவர்கள் சந்தித்துக்கொண்டால் ஒருவரை ஒருவர் முழுப் பெயரும் ஊரும் சேர்த்து விசாரித்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பின்வரிசையில் இருப்பவருக்கு யார் யாரென்று புரியாது. மேடையில் சொன்ன பொன்மொழியைக் காலையில் இட்லி சாப்பிடும்போதும் சொல்வார்கள்.

இதே படங்களில் மனைவிக்கு ஐந்து வேலைகள். கதவைத் திறப்பது. செம்பில் தண்ணீர் கொடுப்பது. வளையலைக் கழற்றிக் கொடுப்பது. தூணைப் பிடித்துக்கொண்டு அழுவது. இடைவேளைக்குப் பிறகு இருமுவது. இருமல் வந்துவிட்டால் சட்டமாக மாறப்போகிற அந்தம்மாவின் புகைப்படத்தை நாம் மனத்துக்குள் அளவெடுத்துக்கொள்ளலாம்.

பொன்னேரியில் ரயில் ஏறி சென்னைக்கு வேலைக்குப் போகிறவள் நான். மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் தாண்டினால் வ.உ.சி. நகர் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் 'கப்பலோட்டிய தமிழன்' நினைவுக்கு வரும். 1961-ல் பி. ஆர். பந்துலு இயக்கிய படம். ம. பொ. சிவஞானம் எழுதிய வரலாற்றிலிருந்து எடுத்தது. சிவாஜி செக்கிழுக்கும்போது அழாதவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. நானும் அழுதிருக்கிறேன், இனியும் அழுவேன்.

ஆனால் சிவாஜி தியாகம் செய்துகொண்டிருக்கும் அந்தப் படத்தில் காதல் செய்ய ஆள் வேண்டுமே? ஜெமினி கணேசன் வந்தார். மாடசாமியாக அவர், ஜோடியாக சாவித்திரி. இரண்டு வருடம் முன்பு இதே பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னிலும் இதே ஏற்பாடுதான். சிவாஜி வெள்ளையனோடு மோதுவார், வெள்ளையத்தேவனாக வரும் ஜெமினி பத்மினியோடு பாடுவார். பெரிய மனிதரின் வீட்டுக்குள் ஒரு பெண் இருக்கிறாள், அவளோடு அவருக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்று காட்டக் கூச்சம். அதனால் அதைப் பக்கத்து ஆளுக்கு அவுட்சோர்ஸ் செய்துவிட்டார்கள்.

வ.உ.சி.க்கு 1908-ல் தண்டனை விதித்தார்கள். கோவையிலும் கண்ணூரிலும் சிறை. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். வெளியே வந்தபோது வக்கீல் சன்னது இல்லை, கப்பல் கம்பெனி இல்லை, பணமும் இல்லை. கைதான நாளிலிருந்து வந்த நாள்வரை நான்கரை வருடத்துக்கு மேல். மனைவி மீனாட்சி அம்மாளுக்கு அந்த நான்கரை வருடத்தின் ஒவ்வொரு நாளும் விடிந்தது. உலை வைத்தாக வேண்டும், பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். செக்கு சுற்றியதை நமக்குக் காட்டினார்கள். வீடு எதைக்கொண்டு சுற்றியது?

தியாகத்தை ஒரே ஷாட்டில் எடுத்துவிடலாம். செக்கு, வியர்வை, வயலின் போதும். வேலையை ஒரே ஷாட்டில் எடுக்க முடியாது. அது நாளைக்கும் இருக்கும், நாளை மறுநாளும் இருக்கும். வரலாற்றுப் பெண்கள் படத்தில் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். அவர்கள் செய்தது தியாகமாக இருந்தவரை தூண் ஓரத்தில் இடம் கிடைக்கிறது. வேலையாக இருந்தால் கட்.

இந்த வகைப் படங்களில் நம் காலத்தில் நேர்மையாக உழைத்தவர் ஞான ராஜசேகரன். 'பாரதி' (2000), 'பெரியார்' (2007), 'ராமானுஜன்' (2014) என்று மூன்று எடுத்திருக்கிறார். பஞ்ச் டயலாக்கும் குத்துப்பாட்டும் ஆண்ட ஊரில் இதைச் செய்ததற்கே கும்பிடு போடலாம். சாயாஜி ஷிண்டேயை வடக்கிலிருந்து கூட்டிவந்து பாரதியாக நம்பவைத்தார். செல்லம்மாவாக தேவயானி, நாகம்மையாக ஜோதிர்மயி, மணியம்மையாக குஷ்பு என்று பெண் பாத்திரங்களுக்குத் தெரிந்த முகங்களைத் தேடிப் போட்டார். ஆனாலும் பெரியம்மாவின் கேள்வி இந்த மூன்றையும் விட்டுவைப்பதில்லை.

செல்லம்மாளை எடுத்துக்கொள்வோம். 1897-ல் கல்யாணம், அப்போது வயது ஏழு. பாரதி இறந்தது 1921. படம் எடுப்பவர்களுக்குக் கதை அங்கே முடிந்துவிடுகிறது. செல்லம்மாளுக்கு இன்னும் 34 வருடம் இருந்தது. அவர் உட்கார்ந்து அழுதுகொண்டே இருக்கவில்லை. பாரதி ஆசிரமம் என்று பெயர் வைத்துக் கணவர் எழுதியவற்றை அச்சில் கொண்டுவர முயன்றார். அவர் பெயரில் 'பாரதியார் சரித்திரம்' வந்தது. 1951-ல் திருச்சி வானொலியில் கணவரைப் பற்றிப் பேசினார். பாரதி வீட்டுக்குள் நடந்ததாக நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த வீட்டுப் பெண்கள் சொன்னது. குருவிக்கு அரிசி இறைத்த கதையே செல்லம்மாள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். தன் கதையைச் சொல்ல ஆரம்பித்த பெண்ணிடமிருந்து கதையை வாங்கிக்கொண்டு, அவருக்கு இரண்டு வசனம் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

ராமானுஜன் கதையில் இது இன்னும் வேடிக்கை. 1909-ல் கல்யாணம் நடந்தபோது ஜானகிக்குப் பத்து வயது. 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பல் ஏறும்போது பதினைந்துகூட முடியவில்லை. 2015-ல் வந்த ஆங்கிலப் படம் 'த மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி'யில் அந்தச் சிறுமி நன்றாக வளர்ந்த இளம்பெண். கடற்கரைக் காற்றில் ஏங்குகிறார். காதல் வேண்டுமென்றால் வயதைக் கூட்டிக்கொள்ளலாம், கணக்குத்தானே. எண்களைத் தெய்வமாகப் பார்த்த ஒரு மனிதரின் படத்தில் இந்த ஒரு எண் மட்டும் யாருக்கும் உறுத்தவில்லை.

அதே படத்தில் இருவருக்கும் நடுவே நிற்கும் வில்லி யார்? மாமியார் கோமளத்தம்மாள். மருமகளின் கடிதங்களை ஒளித்துவைப்பவர். மாமியார் கொடுமை நடந்தது உண்மையாகவே இருக்கட்டும், ஜானகி பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைத்த வழக்கம் வில்லன் இல்லை, கடல் கடந்தால் தீட்டு என்ற ஆசாரம் பாதி வில்லன்தான், முழு வில்லி அந்தம்மா. இனி பெரியம்மா கேள்வியைப் போடுங்கள். அப்பா கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. சம்பளம் போதவில்லை. கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடிக் கொஞ்சம் சம்பாதித்தார். படிக்க வந்த வெளியூர்ப் பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். பையன் காலேஜில் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் ஃபெயிலாகித் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டை முழங்கையால் அழித்து அழித்து எழுதிய வருடங்களில், அரிசி வாங்கியதில் அந்த வில்லிக்கும் பங்கு உண்டு.

ஜானகி? 1920-ல் கணவர் இறந்தபோது வயது 21. பம்பாயில் இருந்த அண்ணனிடம் போனார், தையல் கற்றுக்கொண்டார். 1931-ல் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் தங்கினார். பல்கலைக்கழகம் கொடுத்த சொற்பப் பென்ஷனும் தையல் மெஷினும்தான் துணை. 1950-ல் ஒரு பையனை எடுத்து வளர்த்து, படிக்கவைத்து, பேங்க் அதிகாரியாக்கினார். கணவருக்கு வைப்பதாகச் சொன்ன சிலை வரவேயில்லை என்று அவர் வருத்தப்பட்டது வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் காதுக்கு எட்டி, அவர்கள் பணம் சேர்த்து மார்பளவுச் சிலை செய்து அனுப்பினார்கள். 1994 வரை வாழ்ந்தார். கணவரோடு ஒரே வீட்டில் இருந்தது சொற்ப காலம். தானே சம்பாதித்து வாழ்ந்தது அறுபது வருடத்துக்கு மேல். இதில் எது படம்? எனக்கு அந்தத் தையல் மெஷின் சத்தத்தோடு தொடங்கும் படம் வேண்டும்.

'பெரியா'ரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாகம்மையின் கள்ளுக்கடை மறியல், வைக்கம் எல்லாம் நமக்கு ஓரளவு தெரியும். பெரியாரின் தங்கை கண்ணம்மாள் எத்தனை பேருக்குத் தெரியும்? 'குடி அரசு' இதழின் பதிப்பாளர் அவர். 1933-ல் வந்த ஒரு தலையங்கத்துக்காக அரசு வழக்குப் போட்டபோது எழுதிய அண்ணனோடு வெளியிட்ட தங்கையும் சிறைக்குப் போனார். மணியம்மையைப் பற்றிப் பேசினால் நாம் எல்லோரும் வயது வித்தியாசத்தில் போய் நின்றுவிடுவோம். பெரியார் 1973-ல் இறந்த பிறகு இயக்கத்தைத் தலைமையேற்று நடத்தியதையும், மறுவருடமே டெல்லியின் ராமலீலாவுக்குப் பதிலாகச் சென்னையில் இராவண லீலா நடத்தியதையும் யாராவது படமாக எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் வருகிறேன். டிக்கெட் காசு என்னுடையது.

"ஆண்களைப் பற்றிய படத்தில் பெண்களைத் தேடினால் எப்படி? பெண்களைப் பற்றியே படம் வருகிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. வருகிறது. 2018-ல் 'நடிகையர் திலகம்' வந்தது. வ.உ.சி. படத்தில் கடன் வாங்கிய காதலுக்கு ஜோடியாக நின்ற அதே சாவித்திரி, இப்போது நாயகி. கீர்த்தி சுரேஷ் சாவித்திரியாகவே மாறியிருந்தார், தேசிய விருதும் வாங்கினார். ஆனால் சாவித்திரி 1968-ல் 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தைப் பெண்களையே பெரும்பாலும் குழுவாகச் சேர்த்து இயக்கினார். தமிழில் 'குழந்தை உள்ளம்', 'பிராப்தம்' இயக்கினார். ஒரு பெண் அந்தக் காலத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்று ஆர்டர் போட்டிருக்கிறாள்! படம் அதைத் தொட்டுவிட்டு ஓடிப்போய்க் காதலிலும் துரோகத்திலும் பாட்டிலிலும் உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் காலத்தில் ஜெமினியைக் காதலுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். இதில் சாவித்திரியின் வாழ்க்கை முழுவதையும் அந்தக் காதலுக்கு எழுதிவைத்துவிட்டார்கள்.

2021-ல் 'தலைவி'. சட்டமன்றத்தில் சேலை இழுக்கப்பட்டதில் தொடங்கி, 1991-ல் முதலமைச்சராகப் பதவியேற்பதில் முடிகிறது. நடுவில் பெரும்பாலும் ஒரு நடிகர் பேசுவாரா, பார்ப்பாரா, கைவிடுவாரா என்ற கவலை. ஜெயலலிதாவைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். அனைத்து மகளிர் காவல் நிலையமும் தொட்டில் குழந்தைத் திட்டமும் அவர் காலம்தான், 1995-ன் அந்தக் கல்யாணமும் பிறகு வந்த ஊழல் வழக்கும் அவர் காலம்தான். நல்லதோ கெட்டதோ, எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு செய்தது. படம் நாற்காலி வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. ஆண் தலைவர் படம் அவர் வேலையில் ஆரம்பிக்கிறது. பெண் தலைவர் படம் அவர் வேலைக்குப் போன அன்று முடிகிறது. கல்யாணத்தோடு முடியும் பழைய கதைகளில் தாலிக்குப் பதில் பதவிப் பிரமாணம், அவ்வளவுதான்.

சினிமாவால் முடியாதென்று சொல்ல மாட்டேன். 2020-ல் வந்த 'சூரரைப் போற்று', கேப்டன் கோபிநாத்தின் கதையிலிருந்து எடுத்தது. சுதா கொங்கரா இயக்கியது. நிறைய கற்பனை, நிறைய ஹீரோயிசம், விமானத்தைவிட உயரத்தில் பறக்கும் வசனங்கள். ஆனால் பொம்மிக்கு ஒரு பேக்கரி இருந்தது. கணவன் விமானக் கனவோடு அலையும்போது வீடு பன்னிலும் கேக்கிலும் ஓடியது. அவன் மனைவியிடம் செலவுக்குக் காசு கேட்கத் தயங்கி நிற்கும் இடத்தில் பெரியம்மா டிவி பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவன் கேட்டுட்டான் பாரு" என்றார். பரீட்சையில் பாஸ்.

பெரியம்மாவுக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். பெரியப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். யூனியன் ஆள். ஒரு தடவை கம்பெனியை மூடிவிட்டார்கள், பதினோரு மாதம். பெரியப்பா கேட் முன்னால் பந்தலில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா விடியற்காலை பஸ்ஸில் பழவேற்காடு போய்க் கருவாடும் காய்ந்த இறாலும் வாங்கிவந்து தெருத்தெருவாக விற்றார். மூன்று பிள்ளைகள் ஸ்கூல் போனார்கள். பந்தலுக்குச் சோறும் போனது. அவர் போட்ட சோற்றைத் தின்றுதான் போராட்டம் ஜெயித்தது என்று சொன்னால் மிகையில்லை.

பெரியப்பா இறந்தபோது படத்திறப்பு. பெரிய ஃப்ளெக்ஸ். பேசியவர்கள் எல்லோரும் நல்லவர்கள், தோழர்கள், மனதார அழுதவர்கள். ஐந்து பேர் பேசினார்கள். பதினோரு மாதப் பந்தலைப் பற்றி ஐந்து பேரும் சொன்னார்கள். கருவாட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் "தோழருக்குத் துணையாக நின்ற அம்மையார்" என்று ஒரு வரி. பெரியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கால் வலி.

படத்தைத் திறந்து வைத்துப் பேசிய அந்த ஐந்து பேரும் வில்லன்கள் இல்லை. ஒரு வாழ்க்கையை எப்படிச் சொல்வது என்று நாம் எல்லோரும் இந்தப் படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருக்கிறோம். எதைக் காட்டினால் கைத்தட்டல், எதை விட்டால் யாருக்கும் தெரியாது என்று சினிமா பழக்கிவைத்திருக்கிறது. அதனால்தான் இதைச் சினிமா விமர்சனமாக மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

இந்த வழக்கம் நமக்குப் பழசு. 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும்படமே 'காளிதாஸ்', ஒரு மகாகவியின் கதை. அதில் முட்டாளைக் கட்டிக்கொண்டு காளியிடம் வேண்டி அவனுக்கு அறிவு வாங்கிக் கொடுக்கும் இளவரசியாக நடித்தவர் டி. பி. ராஜலட்சுமி. ஐந்து வருடத்தில் அவரே எழுதி, தயாரித்து, இயக்கி 'மிஸ் கமலா' எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். பாடப் புத்தகத்தில் காளிதாஸ் இருக்கிறது. 'மிஸ் கமலா'வின் பிரதி கிடைக்கவில்லை.

போன மாதம் தங்கை மகள் வீட்டில் அந்த நாடகத்தை மறுபடி போட்டுக் காட்டினாள். இரண்டு வசனத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றை அவளே சேர்த்திருந்தாள்: "இருங்க, பக்கத்து வீட்டுல அரிசி வாங்கிட்டு வர்றேன்." எல்லோரும் கைதட்டினோம்.

பெரியம்மா மட்டும் திருத்தினார். "வாங்கிட்டு வர்றேன்னா ஓசின்னு நெனச்சுப்பாங்கடீ. கடன்னு சொல்லு. அப்பால திருப்பிக் குடுத்தேன்னும் சொல்லு."